இரண்டாவது ஷவரை எங்கே வைப்பது?

(அய்யம்பாளையத்தில், புதிதாக வீடு கட்டுவோரும் குழாய் வேலை செய்வோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்று என்னைப் பேசச் சொன்னது குளியலறையைப் பற்றி. அதிலும் ஒரே குளியலறையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஷவர் வைப்பதைப் பற்றி. இந்தப் பக்கம் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் அந்த ஆசை வந்துவிட்டது. தலைக்கு மேலே அகலமான ரெயின் ஷவர், கையில் பிடிக்க ஹேண்ட் ஷவர், வசதி உள்ளவர்கள் சுவரிலிருந்து பக்கவாட்டில் பீய்ச்சுகிற பாடி ஷவர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் தங்கும் விடுதிகளில் பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டிலும் வேண்டும் என்கிறார்கள். ஆசையில் தவறே இல்லை. நாள் முழுக்கத் தோப்பில் வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு நல்ல குளியலை விடப் பெரிய சுகம் எது?

ஆனால் மாட்டித் திறந்த அன்றே மனம் கசந்துபோகிறது. ஒரு ஷவரைத் திறந்தால் சுமாராக வருகிறது, இரண்டையும் திறந்தால் இரண்டும் சொட்டுகின்றன. உடனே பழி பிளம்பர் தலையில் விழுகிறது. பெரும்பாலும் பழி அவருடையது இல்லை. தொட்டியை எங்கே வைப்பது, எந்த அளவு பைப் இறக்குவது என்று யாரும் யோசிக்காமல் தளம் போட்ட அன்றே அந்தக் குளியலறையின் கதி முடிவாகிவிடுகிறது.

தண்ணீருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, உயரம். மருதாநதி அணைக்குக் கீழே குடியிருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தாண்டிக்குடி மலையில் பெய்த மழை எந்த மோட்டாரும் இல்லாமல் இங்கே வந்து சேருகிறது. கொடைக்கானல் போகிற வழியில் வெள்ளி அருவியைப் பார்த்திருப்பீர்கள். 1863-இல் லெவிஞ்ச் துரை கட்டிய கொடைக்கானல் ஏரியின் உபரி நீர்தான் அங்கே விழுகிறது. உயரம் சுமார் 180 அடி. அந்த நீரை மேலிருந்து கீழ்வரை ஒரு குழாயில் அடைத்து, கீழே ஒரு ஷவரை மாட்டினால் 5 பாருக்கு மேல் அழுத்தம் கிடைக்கும். கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார். ஒரு மாடி உயரத்துக்கு 0.3 பார்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மாடி இல்லாத தளவீடு. தளம் பத்தரை அடியில் இருக்கிறது. அதன் மேல் ஒரு அடி மேடை, அதில் தொட்டி, தொட்டியில் இரண்டு அடி தண்ணீர். ஷவர் ஏழடி உயரத்தில். கழித்துப் பாருங்கள், ஆறரை அடிதான் மிச்சம். அதாவது 2 மீட்டர், 0.2 பார். கடையில் ரெயின் ஷவர் டப்பாவில் நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே பொடி எழுத்தில் '3 பாரில்' என்றும் இருக்கும். நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பாரில் 12 லிட்டர் கொடுக்கிற ஷவர் 0.2 பாரில் 3 லிட்டர்தான் கொடுக்கும். ஷவர் மேல் குற்றம் இல்லை, கம்பெனி மேலும் குற்றம் இல்லை. அது வேறு வீட்டுக்காகச் செய்த பொருள்.

தோப்புக்குள் இருக்கிற ஒரு புது வீட்டுக்கு இதே புகாருக்காகப் போயிருந்தேன். எட்டு அங்குல ரெயின் ஷவர், பளபளவென்று இருக்கிறது. "இவ்வளவு பெருசா மாட்டியும் முடி நனைய மாட்டேங்குது சார்" என்றார் அந்த வீட்டு அம்மா. மேலே வட்டத்தின் நடுவிலிருந்து மட்டும் பிசுபிசுவென்று நூல் நூலாக இறங்குகிறது, ஓரத்துத் துளைகளில் ஈரம் மட்டும்தான். ஹேண்ட் ஷவரைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தலை உயரத்தில் பிடித்தேன். அதுவும் சோர்ந்துதான் வந்தது. அப்படியே மெல்ல இடுப்புக்கு, முழங்காலுக்கு இறக்கினேன். இறக்க இறக்க நீர் நிமிர்ந்துகொண்டு எதிர்ச் சுவரை எட்டியது. முழங்கால் வலியோடு வாசலில் உட்கார்ந்திருந்த அவருடைய மாமியார் எட்டிப் பார்த்து, "இதென்னப்பா, கீழ எறக்குனா வேகமா வருது?" என்று கேட்டார்.

அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஏழடியில் ஷவருக்குக் கிடைப்பது 2 மீட்டர் உயரம். இரண்டரை அடிக்கு இறக்கினால் 3.3 மீட்டருக்கு மேல். தொட்டி அதேதான், பைப் அதேதான், மோட்டாரும் இல்லை. ஆனாலும் அதே ஷவரில் நீர் கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. ஹேண்ட் ஷவரின் முகம் சிறியது, துளைகள் குறைவு. அதனால் வேகமும் அதிகம். ஆகவே இரண்டாவது ஷவர் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அதைத் தலைக்கு மேல் வைக்காதீர்கள், உட்கார்ந்து குளிப்பவரின் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். நம் வீடுகளில் உட்கார்ந்து குளிப்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். வயதான அம்மா, பிள்ளை பெற்ற மகள், ஆபரேஷன் முடிந்து வந்த அப்பா, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்காருகிற யாரும். வாளியில் மொண்டு ஊற்றக் கையைத் தூக்க முடியாதவருக்கு, பிடித்த இடத்தில் நீர் கொடுக்கிற ஒரு ஹேண்ட் ஷவர் எவ்வளவு பெரிய உதவி என்று அப்படிப்பட்டவரைக் குளிப்பாட்டிய எல்லோருக்கும் தெரியும். யாரையும் கூப்பிடாமல் தானாகக் குளித்துவிட்டு வருவது அவர்களுக்கு ஒரு மரியாதை. நாம் பைப் போடும்போது அந்த மரியாதையையும் சேர்த்துத்தான் சுவருக்குள் வைக்கிறோம்.

சரி, இரண்டு ஷவரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்று ஒருவர் உறுதியாக இருக்கிறார். அவருக்கு என்ன வழி? இதற்கான பதிலை இந்த ஊர் விவசாயிகள் ஏற்கெனவே தோப்பில் செய்து வைத்திருக்கிறார்கள். அய்யம்பாளையம் நெட்டைத் தென்னைக்குச் சொட்டுநீர் போட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். முதல் மரத்துக்குக் கொட்டுகிறது, கடைசி மரத்துக்குச் சேரவில்லை என்றால் என்ன செய்கிறோம்? சொட்டுவானைக் குறை சொல்வதில்லை. சப்-மெயினைப் பெரிதாக்குகிறோம், லேட்டரலின் நீளத்தைக் குறைக்கிறோம், அல்லது நடுவிலிருந்து நீர் கொடுக்கிறோம். ஒரு வயலில் முதல் சொட்டுவானுக்கும் கடைசிச் சொட்டுவானுக்கும் நீர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், அதற்கு அழுத்த வித்தியாசம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சொட்டுநீர் வடிவமைப்பின் பாலபாடம். நாலு ஷவர் உள்ள குளியலறை ஒரு சின்னச் சொட்டுநீர் வயல். கணக்கு அப்படியே பொருந்தும்.

பைப் அளவை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். ஒரு ஷவருக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 16. இந்த 16 லிட்டரை அரை இஞ்சு சிபிவிசி பைப்பில் அனுப்பினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தை உராய்வு தின்றுவிடும். நம் கையில் இருப்பதே 2 மீட்டர். நாலு மீட்டர் பைப் போனால் கணக்கு முடிந்தது. அதே நீரை முக்கால் இஞ்சில் அனுப்பினால் மீட்டருக்கு 7 சென்டிமீட்டர்தான் போகும். ஒரு இஞ்சில் 2 சென்டிமீட்டர். அரைக்கும் முக்காலுக்கும் கடையில் விலை வித்தியாசம் பெரிதில்லை. உராய்வில் ஆறேழு மடங்கு வித்தியாசம். இன்னொன்று, ஒரு ஷவருக்கு அரை இஞ்சு போதுமானதாக இருந்திருக்கும், இரண்டாவதைச் சேர்த்ததும் உராய்வு இரண்டு மடங்கு ஆவதில்லை, மூன்றரை மடங்கு ஆகிறது. "நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சே" என்று வீட்டுக்காரர் சொல்வது பொய் இல்லை.

ஆகவே தொட்டியிலிருந்து இறங்குகிற பைப் ஒரு இஞ்சு. குளியலறைக்குள், வெந்நீரும் குளிர்நீரும் கலக்கிற மிக்சர் வரைக்கும் முக்கால். மிக்சரிலிருந்து ஷவருக்குப் போகிற கடைசித் துண்டு மட்டும் அரை இஞ்சு. எல்போ ஒவ்வொன்றும் அரை இஞ்சு பைப்பில் ஒன்றரை அடி நீளத்துக்குச் சமம்; அதனால் சுற்றிச் சுற்றி வளைக்காதீர்கள். மூன்று, நாலு பாடி ஷவர் வைப்பவர்கள் பைப்பை ஒரு கோடாக முடிக்காமல் வளையமாகச் சுற்றிக் கொண்டுவந்து இணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமிருந்தும் நீர் வரும், கடைசி ஷவர் என்று ஒன்று இருக்காது. ஃப்ளஷ் டேங்குக்குத் தனி லைன் போட்டுவிடுங்கள். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் ஃப்ளஷ் செய்தால் குளிர்நீர் திடீரென்று குறையும், தலையில் கொதிநீர் விழும். வயதானவர்களுக்கு இது விளையாட்டில்லை. 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் கெய்சரை 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள்.

மொட்டைமாடியில் தொட்டியிலிருந்து வெளியே வருகிற இடத்தில் ஒரு ஏர் பைப், தொட்டியை விட உயரமாக விட வேண்டும். இங்கே பெரும்பாலானவர்கள் அதைச் செய்கிறீர்கள், நல்லது. ஆனால் கைப்பிடிச் சுவர் மேல் பைப்பை ஏற்றி இறக்குகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேடு ஏறி இறங்குகிற இடத்தில் காற்று அடைத்துக்கொள்ளும். 0.2 பாருக்கு அந்தக் காற்றைத் தள்ளுகிற சக்தி கிடையாது.

வெந்நீருக்கு வருகிறேன். இங்கே பலரும் 15 லிட்டர் கெய்சர் வாங்குகிறோம். 60 டிகிரிக்குச் சூடான 15 லிட்டரை 25 டிகிரி குளிர்நீரோடு கலந்தால், 40 டிகிரியில் குளிக்க 35 லிட்டர் கிடைக்கும். இரண்டு ஷவரும் நிமிடத்துக்கு 16 லிட்டர் கொட்டினால் இரண்டே கால் நிமிடத்துக்குள் தீர்ந்துபோகும். சோப்புப் போடுவதற்குள் குளிர்நீர் வந்துவிடும். மறுபடி சூடாக 2 கிலோவாட் கெய்சருக்குப் பதினெட்டு நிமிடம் வேண்டும். மேலே கொடைக்கானலில் மார்கழியில் தொட்டி நீர் 10 டிகிரிக்கு வந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினம். அதே 15 லிட்டரில் 25 லிட்டர்தான் குளிக்கக் கிடைக்கும், மறுபடி சூடாக இருபத்தாறு நிமிடம். சுவரில் மாட்டுகிற சின்ன இன்ஸ்டன்ட் கெய்சர் இருக்கிறதே, 3 கிலோவாட், அது இங்கே நிமிடத்துக்கு 3 லிட்டரையும் அந்தக் குளிரில் ஒன்றரை லிட்டரையும்தான் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவரும். அதை நம்பி ஒரு ஷவரே ஓடாது, இரண்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரிய கெய்சர் வாங்குங்கள், அல்லது சோலார் வையுங்கள், அல்லது ஒரு நேரத்தில் ஒரு ஷவருக்கு மட்டும் நீரைத் திருப்புகிற டைவர்டர் வையுங்கள். மூன்றாவதுதான் என் யோசனை.

அழுத்தம் போதவில்லை என்றால் பிரஷர் பம்பு வைக்கிறார்கள். தேவையானால் வைக்கலாம். இரண்டு ஷவருக்கு நிமிடத்துக்கு 20 லிட்டரை 1 பாரில் தள்ளினால் போதும், அதற்குச் சின்னப் பம்பே தாராளம். அரை குதிரைத்திறன்கூட வேண்டாம். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். பேரூராட்சிக் குழாயிலிருந்து நேராக உறிஞ்சக் கூடாது. அது சட்டப்படி தவறு, பக்கத்து வீட்டுக்காரர் பங்கை எடுப்பதும்கூட. உங்கள் தொட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அடுத்து, கரண்ட் போனால் பம்பு நிற்கும். பம்பைச் சுற்றி ஒரு பைபாஸ் லைன் போட்டு அதில் நீரை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற என்ஆர்வி வால்வு ஒன்றை வைத்துவிட்டால், கரண்ட் இல்லாதபோதும் தொட்டி நீர் தானாக இறங்கும். மூன்றாவது, குளிர்நீருக்கு மட்டும் பம்பு போட்டுவிட்டு, கெய்சருக்குப் போகிற லைனைப் பழையபடி தொட்டியிலிருந்தே விட்டுவிடுகிறார்கள். நான் பார்க்கிற வீடுகளில் அடிக்கடி இருக்கிற கோளாறு இது. மிக்சருக்குள் ஒரு பக்கம் 1 பார், மறுபக்கம் 0.2 பார். பலமான குளிர்நீர் வெந்நீர்ப் பைப்புக்குள்ளேயே ஏறிக்கொள்ளும். வெந்நீர் வரவே வராது, கெய்சர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். கெய்சரும் குளிர்நீரும் ஒரே இடத்திலிருந்து, ஒரே அழுத்தத்தில் வர வேண்டும். ஹேண்ட் ஷவரின் கைப்பிடியில் நிறுத்துகிற பட்டன் இருந்தாலும் மிக்சரை மூடிவிட்டு வெளியே வாருங்கள். திறந்தபடி விட்டால் உள்ளே இதே கலப்பு நடக்கும்.

பம்பு வேண்டாம், தொட்டியை உயர்த்துகிறேன் என்பவருக்கு என் முழு ஆதரவு. இன்னும் பத்தடி உயர்த்தினால் 2 மீட்டர் 5 மீட்டர் ஆகிறது, நீர் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும், கரண்ட் செலவு மோட்டாரில் கொஞ்சம்தான் கூடும். ஆனால் ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன். கீழே தூண் வருகிற இடத்தின் மேல்தான் மேடை கட்ட வேண்டும். தளத்தின் நடுவில் செங்கல் அடுக்கி ஏற்றாதீர்கள்.

மலைமேல் வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே பிரச்சினை தலைகீழ். ஊற்றிலிருந்து ஹோஸ் பைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஊற்று வீட்டுக்கு மேலே 60 மீட்டரில் இருந்தால், இரவில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது 6 பார் சுவருக்குள் நிற்கும். ஷவர் அருமையாக வரும், விருந்தினர் பாராட்டுவார்கள், ஒருநாள் ஜாயின்ட் விட்டுப்போகும் அல்லது கெய்சர் டேங்க் கசியும். கெய்சரின் பெயர்த்தட்டில் எத்தனை பார் தாங்கும் என்று எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் இணைக்காதீர்கள். நடுவில் ஒரு திறந்த தொட்டி கட்டி, அங்கே அழுத்தத்தை உடைத்துவிட்டு, அதிலிருந்து வீட்டுக்கு இறக்குவதுதான் நம்பகமான முறை. பிரஷர் குறைக்கிற வால்வும் உண்டு. இலைதழையும் மண்ணும் வருகிற ஊற்று நீரில் அது அடைத்துக்கொள்ளும், முன்னால் ஃபில்டர் வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு நீரின் அளவைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. நகரத்து வீட்டில் ஒருவருக்கு ஒருநாளைக்கு எல்லாத் தேவைக்கும் சேர்த்து 135 லிட்டர் என்று நம் நாட்டில் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து வீட்டுக்கு ஆளுக்கு 55 லிட்டர். இரண்டு ஷவரை ஒன்றாகத் திறந்து பத்து நிமிடம் நின்றால் 160 லிட்டர். அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு ஷவருக்கு நிமிடத்துக்கு 9.5 லிட்டர்தான் உச்சவரம்பு. பல தலைகள் உள்ள ஷவரை ஒன்று என்று எண்ணுவதா, ஒவ்வொன்றும் தனி என்று எண்ணுவதா என்பதே அங்கே அரசாங்க விவகாரமாகிவிட்டது. 2020 டிசம்பரில் தனித்தனி என்றார்கள், அடுத்த வருடம் பழையபடி மாற்றினார்கள், 2025 ஏப்ரலில் அதிபரே ஆணை போட்டு மறுபடி தளர்த்தினார். நமக்கு அப்படி ஒரு சட்டம் வந்து கட்டுப்படுத்த வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மருதாநதி வறண்ட கோடைகளைப் பார்த்தவர்கள் நாம். இரண்டு ஷவர் இருக்கட்டும், டைவர்டர் ஒன்றை மட்டும் திறக்கட்டும்.

கடைசியாகச் சுவர் வேலை. மிக்சருக்கு வெந்நீர் இடப்பக்கம், குளிர்நீர் வலப்பக்கம், நடுவில் ஆறு அங்குலம். ஹேண்ட் ஷவருக்கு மேலும் கீழும் நகர்கிற கம்பி வையுங்கள், ஸ்டூலில் உட்கார்ந்தவர் எட்டுகிற இரண்டரை அடியிலிருந்து நிற்பவர் எட்டுகிற ஆறடி வரை. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அதைச் செங்கல்லில் ஆழமாகப் பதிக்க வேண்டும். டைல்ஸில் மட்டும் ஸ்குரூ போட்டால் கையோடு வந்துவிடும். டவல் ராடை யாரும் பிடித்துக்கொண்டு எழக் கூடாது. தரைக்கு நல்ல வாட்டம் விடுங்கள், இரண்டு ஷவர் நீர் வாசலுக்கு வராமல் ட்ராப்பை நோக்கி ஓட வேண்டும். நம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், ஆகையால் ரப்பர் முனை உள்ள ஷவராக வாங்குங்கள், கட்டைவிரலால் தேய்த்தால் உப்பு உதிரும்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எல்லா வாயையும் அடைத்து, கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு நிறுத்திப் பாருங்கள். வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், காலையில் முள் இறங்கியிருக்கக் கூடாது. அப்புறம் அளவு டேப்பைச் சுவரில் பிடித்துக்கொண்டு போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பிற்காலத்தில் யாராவது அந்தச் சுவரில் ட்ரில் போடும்போது அந்தப் படம் வேண்டியிருக்கும். ஒரு கைப்பம்பும் கேஜும் கொண்டுவந்திருக்கிறேன், அந்த மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் இந்த மண்டபத்துக் குழாயிலேயே மாட்டி, மேல்தொட்டி நமக்கு எத்தனை பார் கொடுக்கிறது என்று பார்ப்போம். முதலில் கையை வைக்க விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்.